புள்ளி

நவம்பரில் துர்க்குவுக்கு நான்கு மணிக்கே இருட்டிவிடும்.
நிலவறை ஆய்வகத்தில் அதுவும் தெரியாது.
சிஸ்கோ சுண்டெலியை நிறுத்துப் பார்க்கிறாள்:
இருபத்து மூன்று கிராம், எண் முப்பத்தொன்று.
வயிற்றுத் தோலைக் கிள்ளி, ஊசி.
எதில் உப்புநீர், எதில் மருந்து என்று
அவளுக்குச் சொல்லப்படவில்லை.
பிறகு பெட்டி. பெட்டிக்குள் ஒலிபெருக்கி.
இரண்டு மணி நேரம், நூற்றெட்டு டெசிபல்.
கதவை அழுத்தி அடைத்துவிட்டால்
வெளியே ஒரு முனகல்கூட வராது.
அந்த நேரத்தில்தான் அவள் ரொட்டி தின்கிறாள்.

உள்ளே நடப்பதை
நான் என் மொழியை வைத்துத்தான் புரிந்துகொள்கிறேன்:
செல்லுக்குள் ஒரு நூல்.
கண்டாகச் சுற்றிய நூலும் அதுவே,
படிக்க வேண்டிய நூலும் அதுவே.
பேரிரைச்சல் அதில் ஓர் எழுத்தையும் அழிப்பதில்லை.
சில எழுத்துகளின் தலையில்
ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகிறது.
அவ்வளவுதான்.
க இருந்த இடத்தில் க்.
உயிர் போய்விட்டது, மெய் அப்படியே நிற்கிறது.
உன்னைக் காத்துக்கொள் என்ற வரியில்
செல் திக்குகிறது, திக்கியே சாகிறது.

மருந்து, புள்ளி வைக்கப் போகும் கையைப் பிடிக்கிறது.
முன்னதாக வந்தால்.
தாமதமானால்
பிடிக்கக் கை இருக்கும்,
படிக்கத்தான் ஆள் இருக்காது.

ரைமோ கப்பல் கட்டும் தளத்தில்
இருபத்தாறு வருடம் சாணைப் பொறி பிடித்தவன்.
காதடைப்பான் கழுத்தில்தான் கிடக்கும்,
போட்டுக்கொண்டால்
தலைக்கு மேல் கிரேன் வருவது தெரியாதாம்.
முதலில் ஸ போனது. அப்புறம் த, க.
சிஸ்கோ வாசலில் நின்று தன் பெயரையே கத்தினாலும்
அவனுக்குப் போய்ச் சேர்வது
இ… ஓ.

எலிக்கு உயிர் போய் மெய் நிற்கிறது,
இவனுக்கு மெய் போய் உயிர் நிற்கிறது
என்று நான் எழுதலாம். எழுதியும் விட்டேன்.
அவளுக்கோ இது,
அடுப்பு மணி கேட்காமல் கரிந்த மீன் பணியாரம்.
எதைக் கேட்டாலும் ம்ம் என்று தலையாட்டும் ஆள்.

ஒருநாள் அவனே கேட்டான்,
காது மந்தமானவர்களின் உரத்த குரலில்:
“அந்த ஊசியில் எனக்கொன்று திருடி வாயேன்.”
“முன்னாலேயே போட வேண்டும்.”
“என்ன?”
“முன்னால்!”
“எதற்கு முன்னால்?”
அவள் கோப்பையைக் கழுவப் போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து எலிகளைக் கொன்றாகிவிட்டது.
எண்ணுவதற்கு வேறு வழி கிடையாது.
நத்தை எலும்பை உடைத்து,
உள்ளிருந்த நாடாவை உரித்து, சாயம் ஏற்றி,
நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள்.
முப்பத்து நான்காம் எண்ணுக்குக் கொட்டிய பல்வரிசை.
முப்பத்தொன்றுக்கு மூன்று வரிசையும் முழுசு,
ஒவ்வொரு செல்லின் தலையிலும்
பச்சை நிறத்தில் ஒரு குட்டி அம்புமுனை.
வெள்ளிக்கிழமை உறையைப் பிரித்தார்கள்.
ஆமாம், முப்பத்தொன்றுக்கு மருந்து.
யாரோ கேக் வாங்கி வந்தார்கள்.
சிஸ்கோ ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள்.
ஊரிலேயே கூர்மையான காது
கண்ணாடித் தகட்டில் இருந்தது,
நான்கு டிகிரி குளிரில், அறை இருட்டில்.

வீட்டில் ரைமோ
விளக்கடியில் குறுக்கெழுத்தோடு உட்கார்ந்திருந்தான்.
கேக்கைப் பற்றி, எலியைப் பற்றி
அவளிடம் நிறையச் சொற்கள் இருந்தன.
எல்லாவற்றிலும் ஸ, எல்லாவற்றிலும் க.
கோட்டைக் கழற்றி மாட்டினாள்.
இரவுக்கு அவர்கள் மொழியில் ஒரு சொல் உண்டு,
இரண்டே உயிர்கள்,
மெய் என்று ஒன்றுமில்லை.
அதைச் சொன்னாள்.

அவன் நிமிர்ந்து,
என்ன என்று கேட்காமல்,
கை நீட்டி விளக்கை அணைத்தான்.